கேட்க நாலு பேர் வேண்டும்!

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை ஏதாவது ஒரு தெருவில் நான்கு வீட்டுக் கதவைத் தட்டினால், நான்கிலும் நான்கு விதமாகப் பொழுது விடிந்திருக்கும். ஒரு வீட்டில் காலை ஷிப்ட்டுக்குக் கிளம்பியவர் டிபன் பாக்ஸோடு கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பார். அடுத்த வீட்டில் நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் ஜன்னலில் போர்வையைக் கட்டி இருட்டாக்கிவிட்டு, அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார். மூன்றாவது வீட்டுக்காரர் கண்டெய்னர் லாரியோடு துறைமுகத்துக்குப் போகும் வரிசையில் நிற்கிறார்; எப்போது உள்ளே விடுவார்கள் என்று அவருக்கே தெரியாது. நான்காவது வீட்டுக்காரர் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போனவர், கரை திரும்ப இன்னும் சில நாளாகும்.

இதே தெருக்களில்தான் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ‘சுகர் ஏறிக்கிட்டே போகுது, தினமும் நடங்க’ என்று டாக்டர் சொல்லி அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு சம்பள நாளுக்கு மறுநாளும் குடியை விட்டுவிட முடிவெடுப்பவர்கள், ஜூன் மாத ஸ்கூல் ஃபீஸுக்கு இப்போதிருந்தே எடுத்துவைக்க நினைக்கும் அம்மாக்கள் என்று வீட்டுக்கு ஒருவராவது ஏதோ ஒன்றை மனதில் வைத்துக்கொண்டுதான் நடமாடுகிறார்கள். ஆசைக்கும் உழைப்புக்கும் இங்கே குறைவில்லை. ‘இன்னிக்கு முடிச்சியா?’ என்று சாயங்காலம் கேட்க ஓர் ஆள்தான் பலருக்கு இல்லை.

அந்த ஆளைக் கைபேசிக்குள் உருவாக்கிக்கொள்ளும் வழக்கம் உலகமெங்கும் பரவியிருக்கிறது. நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் அல்லது டெலிகிராம் குழு தொடங்குவார்கள். ஆளுக்கு ஒரு இலக்கு. ஒருவருக்குப் படிப்பு, ஒருவருக்கு நடை, ஒருவருக்குச் சேமிப்பு. தினமும் செய்ததைச் சொல்ல வேண்டும்; செய்யாவிட்டால் அதையும் சொல்ல வேண்டும். வாரம் ஒருமுறை எல்லோரும் கணக்குப் பார்ப்பார்கள். இதற்கென்று தனிச் செயலிகளும், காசு வாங்கிக்கொண்டு நடத்தும் பயிற்சியாளர்களும்கூட வந்துவிட்டார்கள்.

காசு கொடுத்துக் கற்க வேண்டிய வித்தை இல்லை இது. நம் ஊர் மகளிர் குழு அக்காக்களுக்கு இது முப்பத்தைந்து வருடப் பழக்கம். ஒரு இணையக் குழுவைத் தொடங்க நினைப்பவர்கள் முதலில் போய் உட்கார வேண்டிய இடம் அவர்களுடைய வாரக் கூட்டம்.

நோட்டில் ஏறாதது நடக்காதது

1983இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம், 1989இல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்களைத் தொடங்கியது. ஐ.நா. அமைப்பான சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியம் அதற்கு உதவியது. 1992இல் நபார்டு வங்கி, நாடு முழுவதும் இத்தகைய 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டத் திட்டத்தைக் கொண்டுவந்தது. பிறகு அது வளர்ந்த வேகம் நாடறிந்தது. இன்று வடசென்னையில் குழு இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

குழுக் கூட்டத்தை அருகிலிருந்து பார்த்தால் அதன் கட்டுக்கோப்பு புரியும். பன்னிரண்டு முதல் இருபது பேர். குறித்த கிழமை, குறித்த நேரம், குறித்த வீட்டுத் திண்ணையோ கோயில் மண்டபமோ. பாய் விரித்து வட்டமாக உட்காருவார்கள். ஊக்குநர் பேர் வாசிக்க, ஒவ்வொருவராகச் சந்தா கட்டுவார்கள். கட்டிய தொகை அவரவர் பாஸ்புக்கிலும் குழுவின் பேரேட்டிலும் ஏறும். போன வாரம் என்ன பேசினோம், யார் கடன் தவணை கட்டினார், யார் பாக்கி என்பதெல்லாம் தீர்மான நோட்டில் எழுதப்பட்டு, கடைசியில் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். ‘ஏன்க்கா, இந்த வாரம் சந்தா இல்லியா?’ என்ற கேள்வி வரும். ‘புள்ளைக்கு ஜொரம், ஆஸ்பத்திரிச் செலவாயிடுச்சு’ என்ற பதிலும் வரும். இரண்டும் நாலு பேர் முன்னால் நடக்கும். அந்த அக்கா அடுத்த வாரம் சேர்த்துக் கட்டுவார்.

முறையான கூட்டம், முறையான சேமிப்பு, உள்கடன், தவறாத தவணை, அன்றன்றைக்கு எழுதிய கணக்கு. இந்த ஐந்தையும் பஞ்ச சூத்திரம் என்று குழுக்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். உள்கடனை எடுத்துவிட்டுப் பார்த்தால், எந்தத் தனிமனித இலக்குக்கும் பொருந்தும் நடைமுறை கையில் நிற்கிறது.

இதில் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது, கூட்டத்தில் யாரும் யாருக்கும் ஊக்கவுரை ஆற்றுவதில்லை. பேர் வாசிக்கிறார்கள், கணக்கு எழுதுகிறார்கள், அவ்வளவுதான். மனஉறுதியைப் பற்றிப் பேச்சே இல்லாமல் மனஉறுதி வளர்கிற இடம் அது.

சிலி நாட்டுச் சோதனை

இப்படி நாலு பேர் முன் கணக்குச் சொல்வதால் உண்மையிலேயே பலன் உண்டா? தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் பொருளாதார ஆய்வாளர்கள் பெலிப்பே காஸ்ட், ஸ்டெபன் மையர், டீனா பொமரான்ஸ் மூவரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சிறுகடன் வாங்கித் தொழில் செய்யும் 2,687 பேர் அதில் இருந்தார்கள். எல்லோருக்கும் வங்கிச் சேமிப்புக் கணக்கு திறக்க வாய்ப்பு தரப்பட்டது. ஒரு பிரிவினருக்கு வெறும் கணக்கு மட்டும். இன்னொரு பிரிவினருக்கு வழக்கமான 0.3 சதவிகிதத்துக்குப் பதிலாக 5 சதவிகித வட்டி. மூன்றாவது பிரிவினருக்கு அதிக வட்டி எதுவும் கிடையாது; தங்கள் சேமிப்பு இலக்கைக் குழுவில் விருப்பப்பட்டால் அறிவிக்கலாம், வாராவாரம் கட்டினார்களா என்பது குழுவுக்குத் தெரியும்.

வட்டியைக் கூட்டியது பெரும்பாலானவர்களிடம் எந்த மாற்றத்தையும் கொண்டுவரவில்லை. குழுவில் கணக்குச் சொன்னவர்களோ மூன்றரை மடங்கு அதிகத் தடவை பணம் போட்டிருந்தார்கள். சராசரி இருப்பு ஏறக்குறைய இரட்டிப்பானது.

ஆய்வாளர்கள் அதோடு நிற்கவில்லை. கூட்டம் கூடியதால் வந்த பலனா, யாரோ கவனிக்கிறார்கள் என்ற உணர்வால் வந்த பலனா? மறு வருடம் ஒரு சாராருக்குக் கைபேசியில் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். இந்த வாரம் நீங்கள் கட்டினீர்களா, மற்றவர்கள் எப்படிக் கட்டுகிறார்கள் என்ற தகவல் மட்டும்தான் அதில். வேறு சிலருக்குச் சேமிப்புத் துணையாக ஒருவரைச் சேர்த்துவிட்டார்கள். நேரில் கூடாமலேயே ஏறத்தாழ அதே பலன் கிடைத்தது. ஷிப்ட் மாறி மாறி ஓடும் எண்ணூர்க்காரர்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன வேண்டும்? எல்லோரும் ஒரே நேரத்தில் கூடவே முடியாத ஊரில், கூடாமலே கணக்குச் சொல்ல ஒரு வழி உண்டு என்கிறது சிலி.

நம் நாட்டுச் சான்றும் இருக்கிறது. அகமதாபாத்தில் சேவா வங்கியின் வாடிக்கையாளர்களான பெண்களுக்கு இரண்டு நாள் தொழில் பயிற்சி தரப்பட்டது. பாதிப் பேரைத் தனியாகவும், மீதிப் பேரைத் தோழி ஒருவரை அழைத்துக்கொண்டும் வரச் சொன்னார்கள். எரிகா ஃபீல்ட், சீமா ஜெயச்சந்திரன், ரோஹிணி பாண்டே, நடாலியா ரிகோல் நால்வரும் நான்கு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது, தோழியோடு வந்தவர்களே கடன் வாங்கித் தொழிலில் போட்டிருந்தார்கள். குடும்ப வருமானமும் கூடியதாகச் சொன்னார்கள். பாடம் ஒன்றுதான், வாத்தியாரும் ஒன்றுதான். பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார் என்பதே வித்தியாசம்.

இந்த மண்ணுக்குப் பழகியதுதான்

வடசென்னைக்குக் குழு புதிதல்ல. பெரம்பூரில் செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் நடத்திய வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபாவில் ஆன்மிகச் சொற்பொழிவு கேட்க வந்தவர்களில் பலர் பி அண்ட் சி மில் தொழிலாளர்கள். சொற்பொழிவு முடிந்ததும் அவர்கள் பேசிய பேச்சு மில்லின் வேலை நேரத்தையும் அடி உதையையும் பற்றியது. அந்தச் சந்திப்புகளிலிருந்துதான் 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி.வாடியா தலைமையில், திரு.வி.க.வின் துணையோடு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாறு அதைக் குறித்துக்கொண்டது. தவறாமல் கூடுவது எதையெல்லாம் பிறப்பிக்கும் என்பதற்கு இந்த வட்டாரத்தில் இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

பெரிய வரலாறு வேண்டாம், தெருமுனைக்கு வருவோம். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புதுவண்ணாரப்பேட்டைப் பெண். ஆட்டோ ஓட்டும் அப்பா மெகபூப் பாஷா அந்தப் பகுதியில் கேரம் பயிற்சி மையம் நடத்தி வந்தவர். கேரம் தனியாளாக ஆடிப் பழகித் தேற முடியாத ஆட்டம். எதிரே உட்கார ஆள் வேண்டும். ஒரு நாள் வராவிட்டால் ‘எங்க காணோம்?’ என்று விசாரிக்க ஆள் வேண்டும். வியாசர்பாடியின் கால்பந்து மைதானத்திலும் குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடங்களிலும் இதே கதைதான். வடசென்னை விளையாட்டில் இவ்வளவு சாதித்ததற்குத் திறமை ஒரு காரணம் என்றால், விசாரிக்கும் வாத்தியார்களும் சேக்காளிகளும் இன்னொரு காரணம்.

படிப்புக்கும் சேமிப்புக்கும் உடம்புக்கும் அந்த விசாரிப்பு கிடைப்பதில்லை. 2024 ஜூன் 9 அன்று நடந்த குரூப் 4 தேர்வுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். அறிவிக்கப்பட்டபோது இருந்த இடங்கள் 6,244. கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்ட முடிந்தவர்கள் இதில் ஒரு பகுதிதான். ஆறாம் வகுப்பிலிருந்து பாடப்புத்தகங்களை வைத்துக்கொண்டு வீட்டு மூலையில் தனியாகப் போராடுபவர்களே ஏராளம். டெலிகிராமில் அவர்களுக்கு பி.டி.எஃப். குவிந்து கிடக்கிறது. நேற்று எத்தனை பக்கம் படித்தாய் என்று கேட்கத்தான் யாரும் இல்லை.

முகநூலில் நடந்த பெரும் சோதனை

தமிழில் இணையத்தில் தனிமனித இலக்குக்காக நடந்த மிகப் பெரிய கூட்டு முயற்சிகளில் ஒன்று, நியாண்டர் செல்வன் முகநூலில் தொடங்கிய ‘ஆரோக்கியம் & நல்வாழ்வு’ குழு. பேலியோ உணவுமுறையைத் தமிழ்நாட்டின் சிற்றூர்வரை கொண்டுபோன குழு அது. நூறு பாதாமும் பட்டர் டீயும் வீட்டுக்கு வீடு பேச்சானது அங்கிருந்துதான். அந்த உணவுமுறை சரியா தவறா என்று மருத்துவர்களிடையே விவாதம் உண்டு. மருந்து சாப்பிடுபவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் எந்த டயட்டிலும் இறங்கக் கூடாது. இங்கே பார்க்க வேண்டியது அந்தக் குழு இயங்கிய முறையை.

சேருபவர் முதலில் ரத்தப் பரிசோதனை செய்து, முடிவைக் குழுவில் போட வேண்டும். தன்னார்வலர்கள் பார்த்து உணவுப் பட்டியல் தருவார்கள். சில மாதம் கழித்து மறுபடி பரிசோதனை, மறுபடி பதிவு. இறங்கிய எடை, குறைந்த சர்க்கரை அளவு, பழைய புகைப்படத்துக்குப் பக்கத்தில் புதிய புகைப்படம் எல்லாம் பொதுவில் வந்தன. ‘நான் நல்லா ஃபாலோ பண்றேன்’ என்ற வெறும் சொல்லுக்கு அங்கே இடமில்லை. எண்ணைக் காட்ட வேண்டும். மகளிர் குழுவின் பேரேடு முகநூலுக்கு வந்தது போலத்தான் இது.

உடல் எடையில் கூட்டாளியின் பலத்தைப் பற்றி 1999இல் வெளியான ரீனா விங், ராபர்ட் ஜெஃப்ரி ஆய்வு ஒன்றையும் சொல்ல வேண்டும். தனியாக வந்து வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 24 சதவிகிதத்தினரே குறைத்த எடையை முழுமையாகக் காப்பாற்றினார்கள். மூன்று நண்பர்களோடு சேர்ந்து வந்து, ஒருவரையொருவர் தாங்கவும் பழக்கப்பட்டவர்களில் அது 66 சதவிகிதம்.

குடியை விடுவது இன்னும் கடினமான இலக்கு. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இன்று சென்னையிலும் தமிழிலேயே கூட்டங்கள் நடத்துகிறது. கொரோனா ஊரடங்கில் உலகமெங்கும் அந்தக் கூட்டங்கள் ஜூமுக்கு மாறின. ஊரடங்கு முடிந்த பிறகும் பல இடங்களில் இணையக் கூட்டங்கள் நிற்கவில்லை. ஆனால் அந்த அமைப்பின் உயிர்நாடி, வருபவர் யார் என்பது வெளியே தெரியாமல் இருப்பது. வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த நொடியில் எண் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால் தெரு நண்பர்கள் சேர்ந்து குடிநிறுத்தக் குழு தொடங்குவதைவிட, அதற்கென்றே இருக்கும் கூட்டங்களுக்குப் போவது நல்லது. பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புவரை போகலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் துணை கட்டாயம் வேண்டும். 1980இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் ஆராய்ச்சி மையம் இந்தத் துறையின் முன்னோடி. 14446 என்ற அரசின் கட்டணமில்லா எண்ணிலும் வழிகாட்டுகிறார்கள்.

சொன்னதே செய்ததாகிவிடும் ஆபத்து

எல்லாவற்றையும் ஊருக்கே அறிவித்துவிட்டால் வேலை முடிந்துவிடும் என்று நினைப்பவர்கள் உளவியலாளர் பேட்டர் கோல்விட்சரின் ஆய்வைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2009இல் வெளியான அந்த ஆய்வில், சட்டம் படிக்கும் மாணவர்கள் தாங்கள் எப்படி உழைத்துப் படிக்கப்போகிறோம் என்று எழுதினார்கள். சிலர் எழுதியதை ஆய்வாளர் வாசித்து உறுதிசெய்துகொண்டார். மற்றவர்கள் எழுதியது கண்டுகொள்ளப்படவில்லை. பிறகு பயிற்சியில் உட்கார வைத்தபோது, பிறர் அறிய அறிவித்தவர்களே குறைவாக உழைத்தார்கள். ‘நான் இப்படிப்பட்டவன்’ என்று இன்னொருவர் ஒப்புக்கொண்டதுமே, பாதி வெற்றி கிடைத்த நிறைவு வந்துவிடுகிறது என்பது அவருடைய விளக்கம்.

புத்தாண்டன்று ஸ்டேட்டஸில் ‘கலெக்டர் ஆவேன்’ என்று போட்டு, ஐம்பது பேர் நெருப்புப் படம் போட்ட பிறகு புத்தகம் மூடியே கிடப்பதன் காரணம் இதுதான். குழுவில் சொல்ல வேண்டியது கனவை அல்ல, நேற்று முடித்த வேலையை. ‘வரலாறு, எட்டாம் வகுப்பு, மூன்றாவது பாடம், 22 பக்கம், முடிந்தது’ என்பது போதும். அதற்கு யாரும் கைதட்டக்கூட வேண்டாம்.

அபராதம் வைக்கலாமா என்ற கேள்வி எல்லாக் குழுக்களிலும் வரும். ‘நடக்காத நாளுக்கு அம்பது ரூபா’ என்று ஆரம்பிப்பார்கள். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பத்துக் குழந்தைகள் காப்பகங்களை வைத்து உரி நீசி, ஆல்டோ ருஸ்டிக்கினி இருவரும் செய்த சோதனை 2000இல் வெளியானது. பிள்ளையைக் கூட்டிப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சில காப்பகங்களில் அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரட்டிப்பானது. ஆயாவைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சம் போய், காசு கொடுத்துவிட்டோமே என்ற தைரியம் வந்துவிட்டது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. மகளிர் குழுக்களில் அபராதம் வைப்பவர்கள் உண்டு. அது பொதுப் பணத்தின் ஒழுங்குக்காக. தனிமனித இலக்குக்கு அது தேவையில்லை. அங்கே வேலை செய்வது கூச்சமும் அக்கறையும்தான். ஐம்பது ரூபாய்க்கு அவற்றை விற்றுவிடக் கூடாது.

ஷிப்ட்டுக்கு ஏற்ற குழு

இனி, இந்த வட்டாரத்தில் ஒரு குழு எப்படி இருக்கலாம்? ஐந்து பேர் என்று வைத்துக்கொள்வோம். டயர் கம்பெனியில் மாறும் ஷிப்ட்டில் இருக்கும் இருவர், கண்டெய்னர் ஓட்டும் ஒருவர், குரூப் 4 படிக்கும் ஒரு பெண், ராயபுரத்தில் மீன் விற்கும் ஓர் அக்கா.

‘ராத்திரி ஒன்பது மணிக்கு எல்லோரும் ரிப்போர்ட் போடணும்’ என்ற விதி இந்த ஐவரிடம் ஒரே வாரத்தில் செத்துப்போகும். ஒன்பது மணிக்கு ஒருவர் மெஷின் முன்னால் நிற்பார், இன்னொருவர் ஸ்டியரிங்கில் இருப்பார். அதனால் கடிகாரத்தை விட்டுவிட்டுத் தூக்கத்தைக் கணக்கில் கொள்ளலாம். அவரவர் படுக்கப் போகும் முன் ஒரு செய்தி, அது காலை எட்டானாலும் சரி, நள்ளிரவானாலும் சரி. வண்டி ஓட்டும்போது செய்தி கூடவே கூடாது, நிறுத்திய பிறகுதான். தட்டச்சு வராத அக்கா பத்து விநாடி குரல் பதிவு அனுப்பட்டும். ‘இன்னிக்கு இருநூறு எடுத்து வெச்சிட்டேன் கண்ணு’ என்றால் பதிவாகிவிட்டது.

வாரக் கணக்குக்கு மட்டும் ஒரு பொறுப்பாள் வேண்டும். மகளிர் குழு ஊக்குநரைப் போல அவர் பேர் வாசித்து, யார் யார் என்ன முடித்தார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை ஒரே செய்தியாகத் தொகுப்பார். நான்கு வாரத்துக்கு ஒருமுறை பொறுப்பு கைமாற வேண்டும். ஒருவரே அட்மினாக நின்றால் குழு அவருடைய சொத்தாகிவிடும். 2022இல் வாட்ஸ்அப் கொண்டுவந்த வாக்கெடுப்பு வசதியில் ‘முடிந்தது, பாதி, முடியலை’ என்று மூன்று பட்டன் வைத்தால் தொகுப்பவரின் வேலை இன்னும் சுலபம். குட்மார்னிங் பூ, கட்சிச் செய்தி, சீரியல் கிளிப் எதற்கும் இடமில்லை என்று முதல் நாளே பேசிக்கொள்ள வேண்டும். மூன்று பூப்படங்களுக்கு இடையில் ஒரு ரிப்போர்ட் வந்தால் யாரும் படிக்க மாட்டார்கள்.

அதே வாட்ஸ்அப் ஒரு குழுவில் 1,024 பேர்வரை சேர்க்க விடுகிறது. ஐம்பது பேர் இருக்கும் குழுவில் ஒருவர் காணாமல் போனால் தெரியாது. ஐந்து பேரில் ஒருவர் இரண்டு நாள் பேசாவிட்டால் யாராவது போன் போடுவார்கள். போன் போடுவதுதான் முக்கியம். குழுவில் பேரைச் சொல்லிக் கேட்பதற்கு முன் தனியாக அழைத்து ‘என்னாச்சுப்பா, உடம்பு நல்லாருக்கா?’ என்று கேட்கும் ஒருவர் இல்லாத குழு நிலைக்காது.

காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்

சுயமுன்னேற்றப் பேச்சில் எப்போதும் விட்டுப்போவது ஒன்றுண்டு. எண்ணூரில் ஒருவர் காலை நடையை நிறுத்தினால் அது சோம்பலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மூச்சுத் திணறியும் கண் எரிந்தும் மக்கள் இருட்டில் வீட்டைவிட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அதற்குச் சில வாரம் முன்புதான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்த எண்ணெய், கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் படிந்து படகையும் வலையையும் நாசமாக்கியிருந்தது. வாரக்கணக்கில் மீனவர்கள் தொழிலுக்குப் போக முடியவில்லை. அந்த டிசம்பரில் ‘சேமிப்பு: பூஜ்யம்’ என்று ஒரு மீனவப் பெண் குழுவில் போட்டிருந்தால், அந்தப் பூஜ்யத்துக்குப் பொறுப்பு அவர் அல்ல.

ஆகவே ‘முடியலை’ என்று போடுபவர் காரணத்தையும் நாலு வார்த்தையில் எழுத வேண்டும். மற்றவர்கள் அதைச் சாக்கு என்று தள்ளாமல் படிக்க வேண்டும். நாலைந்து மாதக் காரணங்களைச் சேர்த்துப் பார்த்தால் அவரவர் வாழ்க்கையின் உண்மையான முட்டுக்கட்டை எதுவென்று தெரிந்துவிடும். ஓவர்டைமா, தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பதா, புகையா, மாமியாருக்கு ஆஸ்பத்திரி அலைச்சலா? ஐந்து பேருக்கும் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தால், அது தனி ஆளின் பிரச்சினை இல்லை. வார்டு கவுன்சிலரிடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் கொண்டுபோக வேண்டிய மனு அது. மில் தொழிலாளர்கள் பெரம்பூரில் கண்டுபிடித்ததும் இதைத்தான்.

பெண்கள் சேரும் குழுவில் கூடுதல் கவனம் வேண்டும். தெரியாத ஆண்கள் இருக்கும் குழுவில் போன் எண் போவதை வீட்டில் ஏற்க மாட்டார்கள்; அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஏற்கெனவே உள்ள மகளிர் குழுவின் நான்கைந்து உறுப்பினர்களே ஒரு சிறு குழுவாகப் பிரிந்து தொடங்குவது பாதுகாப்பானது. ஒருவரின் எடை, கடன், மதிப்பெண் எதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெளியே அனுப்பக் கூடாது. அனுப்பியவர் அன்றே வெளியேற வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் மன்னிப்பு வேண்டாம். குழுவில் சத்து மாவு விற்பனையோ, ‘இரண்டே மாதத்தில் பணம் இரட்டிப்பு’ லிங்க்கோ தலைகாட்டினால் அதுவும் கிளம்ப வேண்டிய நேரம். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டும்; தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

எப்போது கலைப்பது?

பெரும்பாலான குழுக்கள் சாவதில்லை, ஊமையாகின்றன. யாரும் வெளியேறாமல், யாரும் பேசாமல் கிடக்கும். தொடங்கும்போதே முடிவு தேதியைக் குறித்துவிட்டால் அந்த நிலை வராது. தேர்வுக்குப் படிப்பவர்களுக்குத் தேர்வு நாளே முடிவு நாள். நடப்பவர்களுக்கு அடுத்த ரத்தப் பரிசோதனை நாள். ஹெச்பிஏ1சி என்ற சர்க்கரைச் சோதனை சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் என்பதால் மூன்று மாதம் சரியான அளவு. அன்று குழுவைக் கலைத்துவிட்டு, விரும்புகிறவர்கள் புதிய இலக்கோடு புதிய குழுவாகச் சேரலாம். விருப்பமில்லாதவர் முகச்சுளிப்பு இல்லாமல் விலக அது வழி.

மீனவக் குடும்பங்களுக்குத் தேதியை யாரும் தேட வேண்டியதில்லை. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 முடிய 61 நாள். காசிமேட்டில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும் அந்த இரண்டு மாதத்தில்தான் ஸ்கூல் ஃபீஸும் வந்து நிற்கும். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். மீனவர் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டத்தில், மீனவர் 1,500 ரூபாய் கட்டினால் மத்திய, மாநில அரசுகளின் பங்கும் சேர்ந்து 4,500 ஆகத் திரும்பி வரும். மீனவ மகளிருக்கும் இதே போன்ற திட்டம் உண்டு. ஜனவரி முதல் வாரத்தில் ஐந்து பேர் ஒரு குழுவைத் தொடங்கினால் தடைக்காலத்துக்கு முன் பதினைந்து வாரம் கிடைக்கிறது. வாரம் 300 ரூபாய் அவரவர் அஞ்சலகக் கணக்கிலோ வங்கிக் கணக்கிலோ போட்டு, போட்ட ரசீதைப் படம் எடுத்துக் குழுவில் காட்டினால், ஆளுக்கு இன்னொரு 4,500 ரூபாய் கையில் இருக்கும். பணம் குழுவிடம் வரவே கூடாது. ரசீது மட்டும்தான் வர வேண்டும்.